மறைவில் இயங்கும் செய்தி வலைகள்

2021 ஆம் ஆண்டு ஜூலை 18 ஆம் நாள் மும்பையில் பெருமழை பெய்தது. அன்று பாண்டுப்பிலுள்ள மாநகராட்சியின் நீர் சுத்திகரிப்பு நிலையத்துக்குள் வெள்ளம் புகுந்தது. மின் சாதனங்களுக்கு ஆபத்து நேராதிருக்கும் பொருட்டு நிலையத்தின் இயக்கத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வைதரணை முதலிய தொலைவிலுள்ள ஏரிகளிலிருந்து வரும் நீரில் பெரும் பகுதி இங்குத்தான் தூய்மை செய்யப்படுகிறது. ஆதலால் நகரின் மிகப் பல பகுதிகளில் குழாய்கள் வறண்டன. தெருவெல்லாம் முழங்காலளவு தண்ணீர். வீட்டிலோ குடிக்க நீரில்லை. ஏரிகளில் குறைவு ஏற்படவில்லை; தெருக்களின் அடியிலுள்ள குழாய்களும் உடையவில்லை. எல்லாக் குழாய்களும் கூடுகின்ற ஓரிடம் செயலிழந்தது, அவ்வளவே.

நீர்க்குழாய் வலைக்கு உண்மையாவது செய்தி வலைக்கும் உண்மையே. தந்தி, தொலைபேசி, வானொலி, கணிப்பொறி ஆகிய எதுவாயினும், ஒரு செய்தி ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடையும் வழிகளைக் கோடுகளாக வரைந்தால் ஒரு வலை கிடைக்கும். மனிதரோ யந்திரமோ இருக்குமிடத்தை முடிச்சு என்றும், இரு முடிச்சுகளை இணைக்கும் வழியை இழை என்றும் இக்கட்டுரையில் குறிப்போம். மும்பைக் கடற்கரையில் கோலி மீனவர்கள் பழுது பார்க்கும் வலையைக் கண்டவர்களுக்கு இச்சொற்களை விளக்க வேண்டியதில்லை. வலையின் இரண்டொரு இழைகள் அறுந்தாலும் மீன் பிடிக்கும் வேலை நின்றுவிடுவதில்லை. பாண்டுப் நிலையத்தைப் போன்ற நடுமுடிச்சு ஒன்று கெட்டாலோ வலை முழுவதும் கெடும்.

எதிரி ஒருவன் வேண்டுமென்றே அறுக்க முயலும் வலையை எவ்வாறு பின்னுவது என்பது சென்ற நூற்றாண்டில் பல நாடுகளில் எழுந்த வினா. அவ்வலை மறைவாகவும் இயங்க வேண்டுமென்றால் வினா இன்னும் கடினமாகிறது. நம் நாட்டில் இதற்கு நன்கு தெரிந்த எடுத்துக்காட்டு ஒன்று இதே பம்பாய் நகரில், 1942 ஆம் ஆண்டில் நிகழ்ந்தது.

காங்கிரஸ் வானொலி

1942 ஆகஸ்ட் 8 ஆம் நாள் பம்பாய் கோவாலியா டாங்க் மைதானத்தில் "வெள்ளையனே வெளியேறு" தீர்மானம் நிறைவேறியது. மறுநாள் விடியுமுன் காந்தியடிகளும் காங்கிரஸ் காரியக் கமிட்டியினரும் கைது செய்யப்பட்டனர். செய்தித்தாள்கள் தணிக்கைக்கு உட்பட்டன. அகில இந்திய வானொலி அரசாங்கத்தின் கையில் இருந்தது. நாட்டின் ஒரு மூலையில் நடப்பது மறு மூலைக்குத் தெரியாத நிலை. செய்தி என்னும் இழையை அறுத்துவிட்டால் இயக்கம் தானே உதிர்ந்துவிடும் என்பது அரசினரின் கணக்கு. அது தவறான கணக்கும் அன்று.

இந்நிலையில் உஷா மேத்தா என்னும் 22 வயது மாணவியும், பாபுபாய் காக்கர், விட்டல்தாஸ் ஜவேரி, சந்திரகாந்த் ஜவேரி ஆகியோரும் ஓர் இரகசிய ஒலிபரப்பு நிலையத்தை அமைத்தனர். சிகாகோ ரேடியோ என்ற ஒலிபெருக்கி நிறுவனத்தை நடத்திய நானக் மோட்வானே கருவிகள் அளித்து உதவினார். ராம் மனோகர் லோகியா, அச்சுத் பட்வர்தன் முதலிய தலைமறைவுத் தலைவர்கள் உரைகளும் வழிகாட்டுதலும் அளித்தனர். 1942 ஆகஸ்ட் 27 அன்று, இந்தியாவில் எங்கோ ஓரிடத்திலிருந்து 42.34 மீட்டர் அலையில் பேசுவதாக அறிவித்து நிலையம் ஒலிக்கத் தொடங்கிற்று. முதலில் ஒலித்த இடம் சௌபாத்திக் கடற்கரையை அடுத்த ஒரு கட்டடம்.

இந்த அலைநீளத்தைப் பற்றி ஆசிரியர்கள் மாணவருக்கு ஒரு சிறு கணக்கு தரலாம். மின்காந்த அலை ஒரு விநாடியில் ஏறக்குறைய 3 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. அதை 42.34 மீட்டரால் வகுத்தால் விநாடிக்கு ஏறத்தாழ 70 லட்சத்து 80 ஆயிரம் அதிர்வுகள், அதாவது 7.08 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். இது சிற்றலை. சிற்றலையின் சிறப்பு யாதெனில், அது மேலே சென்று வானத்தின் அயனி மண்டலத்தில் திரும்பி, பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் தரையில் இறங்கும். சிறிய அலைபரப்பியைக் கொண்டே தொலைதூரத்துக்குச் செய்தி அனுப்ப முடிந்தது இதனாலேயே. தரையோடு செல்லும் அலை சில பத்து கிலோமீட்டரில் தேய்ந்துவிடும். ஆனால் அந்தச் சில பத்து கிலோமீட்டருக்குள், அதாவது பம்பாய் நகருக்குள், அது பலமாகவே இருக்கும். தொலைவிலுள்ள நண்பனுக்குக் கேட்கும் குரல் பக்கத்துத் தெருவிலுள்ள போலீசாருக்கு இன்னும் உரக்கக் கேட்கும் என்பதே இதன் பொருள். மற்றொரு செய்தியும் உண்டு: 7.0 முதல் 7.2 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதி இன்று நம் நாட்டில் அமெச்சூர் வானொலியாளர்களுக்கு ஒதுக்கப்பட்டுள்ளது. அன்று குற்றமாயிருந்த அதே அலையில் இன்று உரிமம் பெற்ற பள்ளி மாணவர்கள் பேசுகிறார்கள்.

நிலையத்தை நடத்தியவர்கள் இரு முன்னெச்சரிக்கைகளைக் கையாண்டனர். ஒன்று, உரைகளை ஒலிப்பதிவு செய்யும் இடமும் அவற்றை ஒலிபரப்பும் இடமும் வேறுவேறாக இருந்தன. ஒலிபரப்பும் அறையில் போலீசார் புகுந்தாலும் அங்கே பேச்சாளர் இருக்கமாட்டார். பதிவுத்தட்டு மட்டுமே இருக்கும். மற்றொன்று, நிலையம் ஓரிடத்தில் நிலைத்திருக்கவில்லை. சௌபாத்தி, லாபர்னம் சாலை, வாக்கேசுவரம், சாண்ட்ஹர்ஸ்ட் சாலை, கிர்காம் என அது மாறிக்கொண்டே இருந்தது. தனி ஆட்கள் மூலம் நாட்டின் பல பகுதிகளிலிருந்து செய்திகள் வந்து சேர்ந்தன. சிட்டகாங்கில் குண்டு வீசப்பட்டது, ஜாம்ஷெட்பூர் தொழிலாளர் வேலைநிறுத்தம், ஆஷ்டி சிமூர் நிகழ்ச்சிகள் முதலியன இவ்வாறே மக்களுக்குத் தெரிய வந்தன.

இடம் மாற்றியது ஏன் என்பதற்கு ஒரு பௌதிகக் காரணம் உண்டு. வளையமாகச் சுற்றிய ஏரியலை மெல்லத் திருப்பினால், ஒரு குறிப்பிட்ட நிலையில் ஒலி ஏறக்குறைய முற்றும் அடங்கும். அந்நிலையில் அலை எத்திசையில் வருகிறது என்பதை வளையமே காட்டிவிடும். இவ்வாறு ஓரிடத்திலிருந்து கண்ட திசையை வரைபடத்தில் ஒரு கோடாக இழுக்கலாம். வேறோர் இடத்திலிருந்து மற்றொரு கோடு; இரண்டும் வெட்டும் புள்ளியே அலைபரப்பி இருக்குமிடம். அளவையில் சிறு பிழைகள் இருக்குமாதலால் மூன்றாவது கோடு ஒன்றும் வேண்டும். மூன்றும் சேர்ந்து ஆக்கும் சிறு முக்கோணத்துக்குள் தேடினால் போதும். இத்தகைய கருவியை வண்டியிலேற்றி நகரைச் சுற்றி வரலாம். ஆனால் இதற்கு நேரம் வேண்டும். ஒலிபரப்பு குறுகிய நேரமே நடந்து, அடுத்த முறை வேறு பேட்டையிலிருந்து வருமானால், பழைய கோடுகள் பயனற்றுப் போகும். தொடக்கத்தில் நாளைக்கு இருமுறை நடந்த ஒலிபரப்பு பின்னர் மாலையில் ஒருவேளையாகக் குறைக்கப்பட்டது.

அலைகளைத் தேடியவர்களுக்கு முன்னால் நிலையம் 77 நாட்கள் தாக்குப்பிடித்தது. 1942 நவம்பர் 12 ஆம் நாள் அது பிடிபட்டது. ஆனால் பிடித்துக் கொடுத்தது வளைய ஏரியல் அன்று. அலைபரப்பியை அமைத்துத் தந்த தொழில்நுட்ப வல்லுநர் ஒருவர் போலீசாரிடம் சிக்கி, இடத்தைக் காட்டிவிட்டார். அன்று மாலை முதலில் காக்கரின் கடை சோதனையிடப்பட்டது. இதனை அறிந்தும் உஷா மேத்தாவும் சந்திரகாந்த் ஜவேரியும் கிர்காமிலிருந்த நிலையத்துக்குச் சென்று அன்றைய ஒலிபரப்பை நடத்தினர். முடிவில் "வந்தே மாதரம்" இசைத்தட்டு ஓடிக்கொண்டிருந்தபோது போலீசார் கதவை உடைத்து உள்ளே வந்தனர். தனி நீதிமன்றத்தில் ஐவர் மீது வழக்கு நடந்தது. காக்கருக்கு 5 ஆண்டும், உஷா மேத்தாவுக்கு 4 ஆண்டும், சந்திரகாந்த் ஜவேரிக்கு ஓராண்டும் சிறைத் தண்டனை; விட்டல்தாஸ் ஜவேரியும் மோட்வானேயும் விடுதலையாயினர். எரவாடாச் சிறையிலிருந்த உஷா மேத்தா 1946 இல் வெளிவந்தார். பின்னாளில் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அரசியல் கற்பித்தார். 1998 இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 2000 ஆம் ஆண்டு ஆகஸ்டில் மறைந்தார்.

வலை எங்கே அறுந்தது?

இக்கதையை வீரச் செயலாகச் சொல்வதோடு பலர் நிறுத்திவிடுகின்றனர். வலையின் அமைப்பை நோக்குபவனுக்கு இதில் கவனிக்க வேண்டியது வேறொன்று. இவ்வலையில் இரு பாகங்கள் இருந்தன. நிலையத்துக்கும் நேயர்களுக்கும் இடையே இருந்தது ஒரு பாகம். வீட்டில் வானொலிப் பெட்டியைத் திருப்பியவர் யாரென நிலையத்தாருக்குத் தெரியாது. நிலையம் எங்கிருக்கிறதென அவருக்கும் தெரியாது. ஆகவே நேயர் ஒருவரைப் பிடித்து எவ்வளவு விசாரித்தாலும் போலீசாருக்குக் கிடைக்கக்கூடியது ஒன்றுமில்லை. இந்தப் பாகம் கடைசிவரை அறுபடவில்லை. மற்றொரு பாகம், நிலையத்தை நடத்தியவர்களுக்கு இடையே இருந்த சிறு வலை. அங்கே அலைபரப்பியைக் கட்டியவர் நிலையத்தின் இருப்பிடத்தையும் அறிந்திருந்தார். ஆறு கட்டடங்கள் மாறியும், அவர் தலையிலிருந்த அறிவு மாறவில்லை. இடத்தை மறைப்பதில் செலுத்திய கவனம், யாருக்கு எது தெரிய வேண்டும் என்பதில் அவ்வளவு செலுத்தப்படவில்லை எனலாம். செலுத்தியிருக்க முடியுமா என்பது வேறு கேள்வி. கருவி பழுதானால் வந்து பார்க்க வேறு ஆள் இல்லாதவர்கள் அவரை எவ்வாறு இருட்டில் வைத்திருக்க முடியும்?

அதே மாதங்களில் நகரில் வேறொரு வகை வலையும் இயங்கிற்று. சைக்ளோஸ்டைல் செய்த இரகசியச் செய்தித் தாள்கள் கைமாறிக் கைமாறிச் சென்றன. வாங்கியவர் படித்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுப்பார். வசதியுள்ளவர் மீண்டும் படியெடுப்பார். இங்கு நடுமுடிச்சு என்று ஒன்றைச் சுட்ட முடியாது. ஒரு யந்திரத்தைப் பறிமுதல் செய்தால் வேறோரிடத்தில் படியெடுப்பு தொடரும். வேகத்தில் இது வானொலிக்கு ஈடாகாது. செய்தி வழியில் திரிந்துபோகவும் கூடும். ஆயினும் சமமானவர்கள் ஒருவருக்கொருவர் செய்தி கடத்தும் வலை என்று இன்று பொறியியலார் கூறுவது இதைத்தான்.

பதினாறு பேரைக் கொண்டு ஒரு கணக்கு

எந்த அமைப்பு சிறந்தது? விடை ஒன்றல்ல, அதனை எண்களால் காட்டலாம். பதினாறு பேர் கொண்ட வலை ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

அவர்களில் ஒருவரை நடுவில் வைத்து மற்றப் பதினைவரையும் அவரோடு மட்டும் இணைத்தால் இழைகள் 15. செய்தி எவரிடமிருந்து எவருக்கும் இரண்டே எட்டில் சென்றுவிடும். மிக வேகமானது, மிகச் சிக்கனமானது. ஆனால் நடுவில் இருப்பவர் போனால் வலையே இல்லை. ஓரத்தில் இருக்கும் ஒருவர் பிடிபட்டு நடுவர் பெயரைச் சொன்னால், அடுத்த எட்டில் பதினாறு பேரும் வெளிப்பட்டுவிடுவர்.

அதே பதினாறு பேரை ஒரு வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவருக்கும் முன்னவரையும் பின்னவரையும் மட்டும் தெரியச் செய்யலாம். இழைகள் இப்போதும் 15 தான். ஒருவர் பிடிபட்டால், இரண்டு எட்டு விசாரணையில் அதிகமாகப் போனால் ஐவரே வெளிப்படுவர். இரகசியத்துக்கு இது சிறந்தது. ஆனால் நடுவே ஓர் இழை அறுந்தாலும் வலை இரண்டாகிவிடும். செய்தியும் மிக மெதுவாகச் செல்லும்.

எல்லோரும் எல்லோரோடும் இணைந்திருந்தால்? இழைகள் 120. எத்தனை அறுத்தாலும் வழி இருக்கும். ஆனால் எவர் பிடிபட்டாலும் அப்போதே எல்லோரும் பிடிபட்டதாகும்.

இனி அவர்களை நான்குக்கு நான்காகச் சதுரத்தில் நிறுத்தி, அடுத்துள்ளவரோடு மட்டும் இணைப்போம். மீன் வலையே இது. இழைகள் 24. எந்த ஓர் இழையை அறுத்தாலும் செய்தி சுற்றிப் போய்ச் சேரும். மூலையிலுள்ள ஒருவரைத் தனிப்படுத்தவே இரண்டு இழைகளை அறுக்க வேண்டும். ஆனால் உள்ளே நிற்கும் ஒருவர் பிடிபட்டு அவர் வழியே நால்வரும், அந்நால்வர் வழியே அடுத்தவர்களும் வெளிப்பட்டால், இரண்டே எட்டில் பதினாறில் பதினோரு பேர் சிக்கிவிடுவர்.

வலையை அறுபடாமல் காப்பது இழைகளின் மிகுதி. வலையைக் காட்டிக்கொடுப்பதும் அதே இழைகளின் மிகுதியே. மனிதன் மனிதனை அறிந்திருப்பதே இழை என்று வைத்தால் இந்த முரண்பாட்டுக்குத் தீர்வில்லை. எனவே அறிமுகமில்லாமல் இணைக்கும் வழியைத் தேடுவதே இத்துறையின் உண்மையான பிரச்சினை. வானொலி நேயர் நிலையத்தாரை அறியாமலே செய்தி பெற்றது அத்தகைய ஒரு தீர்வு. ஆனால் அது ஒருவழிப் பாதை. நேயர் திரும்பப் பேச முடியாது.

பேசுவது யார்?

மறைவான வலைக்கு இன்னொரு பகையும் உண்டு. வலையை அறுக்காமல், அதற்குள் எதிரி தானே ஒரு முடிச்சாகப் புகுந்துகொள்வது. இரண்டாம் உலக யுத்தத்தில் ஹாலந்தில் நடந்தது இதற்குச் சான்று. 1942 மார்ச்சில், பிரிட்டிஷார் அனுப்பிய ஹூப் லாவர்ஸ் என்ற வானொலியாளர் ஜெர்மானியரிடம் பிடிபட்டார். அவரைக் கொண்டே லண்டனுக்குத் தொடர்ந்து செய்தி அனுப்ப ஜெர்மானிய உளவுத் துறையின் ஹெர்மன் கிஸ்கெஸ் ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு செய்தியிலும் குறிப்பிட்ட ஓரிடத்தில் வேண்டுமென்றே ஒரு பிழை செய்ய வேண்டும். அது இல்லாவிட்டால் ஆள் பிடிபட்டார் என்று கொள்ள வேண்டும் என்பது ஏற்கெனவே செய்த ஒப்பந்தம். லாவர்ஸ் அப்பிழையைச் செய்யாது விட்டார். லண்டனில் இருந்தவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. அடுத்த ஓராண்டுக்கு மேலாக அவர்கள் அனுப்பிய ஆட்கள் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் பாராசூட்டில் இறங்கி நேரே ஜெர்மானியர் கையில் விழுந்தனர். அவர்களில் பெரும்பாலோர் உயிரிழந்தனர். 1943 ஆகஸ்டில் இருவர் சிறையிலிருந்து தப்பிய பின்பே உண்மை வெளிவரத் தொடங்கியது.

அலைபரப்பி நல்ல நிலையில் இருந்தது. குறியீட்டு முறை இருந்தது. எச்சரிக்கை அடையாளமும் இருந்தது. அடையாளத்தைச் சரிபார்க்கும் ஒழுங்கு மட்டும் இல்லை. அலுவலகக் காகிதங்களில் கையொப்பம் பார்க்காமல் முத்திரை குத்துகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு போலும்.

மீன் வலையின் விஞ்ஞானம்

யுத்தத்துக்குப் பின் இப்பிரச்சினையின் ஒரு பாதிக்கு முறையான விடை கண்டவர் பால் பாரன் என்ற அமெரிக்கப் பொறியியலார். அணுகுண்டுத் தாக்குதலில் தொலைபேசி நிலையங்கள் பல அழிந்தாலும் செய்தி போய்ச் சேர வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட பணி. ராண்ட் நிறுவனத்தில் அவர் செய்த ஆய்வு 1964 இல் பல தொகுதிகளாக வெளிவந்தது. நடுமுடிச்சு உடையது, பல நடுமுடிச்சுகள் உடையது, நடுவே இல்லாத மீன் வலை என மூன்று படங்களை அவர் வரைந்தார். முடிச்சுகளைக் கண்மூடித்தனமாக அழித்துவிட்டு, எஞ்சியவை தம்முள் பேச முடிகிறதா என்று கணிப்பொறியில் சோதித்துப் பார்த்தார். கிடைத்த முடிவு வியப்புக்குரியது. வலையை ஒட்டியிருக்கச் செய்ய மிகக் குறைந்த அளவு எத்தனை இழைகள் வேண்டுமோ, அதைப்போல் மூன்று அல்லது நான்கு மடங்கு இழைகள் இருந்தாலே போதும். பெருஞ்சேதத்துக்குப் பின்னும் எஞ்சியவை ஒன்றையொன்று எட்டும். அதற்கு மேல் இழைகளைக் கூட்டுவதால் கிடைக்கும் நன்மை சிறிது.

செய்தியைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றும் அவ்வப்போது திறந்திருக்கும் வழியே சென்று இறுதியில் சேரட்டும் என்பது அவர் கருத்தின் மறு பகுதி. ஏறக்குறைய அதே காலத்தில் பிரிட்டனில் டொனால்ட் டேவிஸ் தனியாக இதே முடிவுக்கு வந்தார். துண்டுகளுக்குப் "பாக்கெட்" என்று பெயரிட்டவர் அவரே. இன்றைய இணையம் இந்தக் கருத்தின் மேல் நிற்கிறது.

எனினும் பாரனின் மீன் வலை அறுபடாமை என்ற பாதிக்கே விடை. யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதை மறைக்கும் மறு பாதிக்கு 1990 களில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடத்தில் ஒரு வழி கண்டனர். செய்தியை ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று உறைகளில் இட்டு அனுப்புவதை நினைத்துக்கொள்ளலாம். முதல் முடிச்சு வெளி உறையைப் பிரித்து, அடுத்து யாருக்கு என்பதை மட்டும் காணும். இரண்டாவது முடிச்சு தனக்குரிய உறையைப் பிரிக்கும். அதற்கு அனுப்பியவரும் தெரியாது, பெறுபவரும் தெரியாது. கடைசி முடிச்சுக்குச் செய்தி போகுமிடம் தெரியும். புறப்பட்ட இடம் தெரியாது. உறைமேல் உறையாக இருப்பதால் இதற்கு வெங்காய வழி என்று பெயர். 1942 இல் கிர்காமில் இருந்திருக்க வேண்டிய ஒழுங்கு இதுவே: எவருக்கும் தமக்கு அடுத்தவருக்கு மேல் தெரியக் கூடாது. வலையின் இரு முனைகளையும் ஒரே சமயத்தில் கவனிக்க வல்ல எதிரி, ஒரு முனையில் செய்தி புகும் நேரத்தையும் மறு முனையில் வெளிவரும் நேரத்தையும் ஒப்பிட்டு உண்மையை ஊகிக்கலாம். இந்தக் குறை இன்றுவரை முற்றும் நீங்கவில்லை.

சட்டைப்பைத் தொலைபேசிகளே ஒன்றோடொன்று நேரே பேசி, கோபுரமின்றி ஒரு மீன் வலை பின்னும் முறையும் வந்துள்ளது. 2014 இலும் 2019 இலும் ஹாங்காங் கிளர்ச்சிகளின்போது இதற்கான செயலிகளைப் பலர் நாடினர். அவற்றுள் ஒன்றான பிரிட்ஜ்ஃபையை லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2020 இல் குறைகளை வெளியிட்டனர். யார் யாரோடு பேசுகிறார் என்பதைக் கண்டறியலாம்; ஒருவர் பெயரில் மற்றவர் பேசலாம்; தீய நோக்கோடு ஆக்கிய ஒரே செய்தியால் வலை முழுவதையும் முடக்கலாம் என்பவை அவை. நடுமுடிச்சு இல்லை என்பதனாலேயே ஒரு வலை பாதுகாப்பானது என்று எண்ணியவர்களுக்கு இது ஏமாற்றமாயிருந்திருக்கும். ஹாலந்தில் நேர்ந்த அதே தவறு, வேறு சட்டையில்.

மறைவு வேண்டாத இடங்களில் பிரச்சினை மிக எளிதாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கியபோது, பல ஆண்டுகளுக்குப் பின் சிறப்பு அனுமதி பெற்று அங்கு வந்திருந்த பாரதி பிரசாத் என்ற அமெச்சூர் வானொலியாளர் போர்ட் பிளேரிலிருந்து தம் கருவியால் தொடர்பை ஏற்படுத்தினார். தொலைபேசிகள் அடங்கிவிட்ட நாட்களில் தீவில் இருந்தோரைப் பற்றிய செய்திகள் அக்கருவி வழியே உறவினரை அடைந்தன. அமெச்சூர்கள் தம் அழைப்புப் பெயரைச் சொல்லியே பேச வேண்டும். குறியீட்டில் மறைத்துப் பேசுதல் கூடாது. பேசுவது யார் என்ற கேள்வியே அங்கு எழுவதில்லை. உரிமத்துக்கு மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை தேர்வு நடத்துகிறது. 12 வயது நிறைந்த மாணவர்களும் எழுதலாம். உரிமமின்றி அலைபரப்பி இயக்குவது குற்றம் என்பதைக் களப் பணியாளர்கள் மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டும்.

மேலே சொன்னவற்றில் இரண்டை வகுப்பில் நேரே காட்டலாம். பதினாறு மாணவரை நான்குக்கு நான்காக நிறுத்தி, அடுத்தவரோடு நூலால் இணைத்து, ஒரு சீட்டை மூலைக்கு மூலை கடத்தச் சொல்க. பின் கத்தரிக்கோலை ஒரு மாணவனிடம் கொடுத்து, எத்தனை நூல்களை அறுத்தபின் சீட்டு நிற்கிறது என்று எண்ணச் செய்க. எல்லா நூலையும் ஒரே மாணவியின் கையில் கட்டி மீண்டும் செய்தால், அவள் கையை விட்டவுடனே ஆட்டம் முடிந்துவிடும்.

இரண்டாவதற்கு நடுத்தர அலை வாங்கும் சிறு டிரான்சிஸ்டர் பெட்டி ஒன்றும், திசைகாட்டியும், அப்பகுதியின் வரைபடமும் போதும். அருகிலுள்ள நிலையம் ஒன்றை வைத்துக்கொண்டு பெட்டியைக் கிடையாக மெல்லத் திருப்புக. உள்ளேயிருக்கும் ஃபெரைட் தண்டின் நுனி நிலையத்தை நோக்கும்போது ஒலி மிகவும் மங்கும். அத்திசையை வரைபடத்தில் கோடாக வரைக. முன்னா பின்னா என்பது ஒரே அளவையில் தெரியாது. இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளிச் சென்று மீண்டும் செய்து கோடு வரைந்தால் ஐயம் தீரும். கட்டடங்களும் மின்கம்பிகளும் அலையை வளைப்பதால் திறந்த மைதானமே ஏற்றது. மூன்று இடங்களிலிருந்து வரைந்த கோடுகள் ஒரு சிறு முக்கோணத்தை ஆக்கும்; அலைபரப்புக் கோபுரம் அதற்குள்ளோ அதற்கு மிக அருகிலோ இருக்கும்.